தோற்கும் பயிற்சியாளரை எத்தனை நாள் தாங்குவது?

தலைமைப் பயிற்சியாளரை அவசரப்பட்டு நீக்கக் கூடாது என்று வாதாடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் பெயர் ஒன்றுதான்: அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராகப் பொறுப்பேற்ற அவர், முதல் மூன்று சீசன்களில் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. லீகில் அணி பிடித்த இடங்கள் முறையே 11, 2, 11. நான்காவது சீசனின் தொடக்கத்திலேயே, 1989 செப்டம்பரில், அதே ஊர்ப் பகையாளியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றது. டிசம்பரில் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ரசிகர் ஒருவர் பதாகை விரித்தார். மூன்றாண்டுச் சாக்குப்போக்கு போதும், கிளம்புங்கள் என்பது அதன் சாரம். 1990 ஜனவரி 7 அன்று எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் மோதியபோது, தோற்றால் ஃபெர்குசனின் வேலை போய்விடும் என்பதே ஊர்ப்பேச்சு. மார்க் ராபின்ஸ் அடித்த ஒரே கோலில் யுனைடெட் வென்றது. மே மாதம் அந்தக் கோப்பையே கைக்கு வந்தது. 2013இல் ஓய்வுபெறும்போது அவர் அந்தக் கிளப்புக்கு வென்று தந்திருந்தவை 13 லீக் பட்டங்கள், இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் உட்பட 38 கோப்பைகள்.

பொறுமை காத்தால் பொற்காலம் வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கதை நிரூபிப்பது ஒன்றைத்தான்: காத்திருந்து வெல்வது சாத்தியம். காத்திருந்தவர்களில் எத்தனை பேர் வென்றார்கள் என்பதை இது சொல்வதில்லை. ஒரு கிளப்பின் நிர்வாகக் குழுவுக்குத் தேவைப்படுவதோ அந்த இரண்டாவது கேள்விக்கான விடை. கடந்த அறுபதாண்டுகளாகச் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் அதைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது இரு தரப்புக்கும் முழுத் திருப்தி தராத ஒன்று.

கணக்கில் வராதவர்கள்

முதலில், காத்திருந்தும் கிட்டாதவர்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக மார்வின் லூயிஸ் 2003 முதல் 2018 வரை பதினாறு சீசன்கள் இருந்தார். அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு 16 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றிருந்த அணியை அவர் தூக்கி நிறுத்தினார் என்பது உண்மை. ஏழு முறை பிளே-ஆஃப் சுற்றுக்கும் கொண்டுபோனார். ஏழு முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார்கள். அங்கே பொறுமைக்குக் குறைவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அது பழக்கமாகிவிட்டிருந்தது.

அதே லீகில் ராம்ஸ் அணி 2012இல் ஜெஃப் ஃபிஷரை அமர்த்தியது. அதன்பின் நான்கு முழு சீசன்களில் அணி வென்றவை 7, 7, 6, 7 ஆட்டங்கள். ஒருமுறைகூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. 2016 டிசம்பரில் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்த செய்தி வெளியே வந்தது. அடுத்த சில நாட்களிலேயே நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த ஷான் மெக்வேவுக்கு அப்போது வயது முப்பது. லீகிலேயே மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த அணி, முதல் ஆண்டிலேயே மிக அதிகமாகப் புள்ளி எடுத்த அணியானது. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜாரட் கோஃப், முந்தைய சீசனில் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய ஏழு ஆட்டங்களையும் தோற்ற அதே ஆள். 2018 சீசனில் சூப்பர் பவுல் இறுதி, 2021 சீசனில் கோப்பை. ஃபிஷருக்குத் தந்த அவகாசம் அத்தனையும் வீண் என்பதை அடுத்து வந்தவர் ஒரே ஆண்டில் காட்டிவிட்டார்.

ஃபெர்குசன் கதை புத்தகமாகிறது. லூயிஸ், ஃபிஷர் கதைகள் மறக்கப்படுகின்றன. ஆகவே நினைவில் நிற்கும் உதாரணங்களை வைத்து இக்கேள்விக்கு விடை காண முடியாது.

தாயத்துக்குக் கிடைக்கும் புகழ்

எதிர்த்தரப்புக்கும் இதே வகையான மயக்கம் உண்டு. புதிய பயிற்சியாளர் வந்ததும் அணி நிமிர்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: நியூ மேனேஜர் பவுன்ஸ். நீக்கியது சரிதான் என்று நிர்வாகமும் பெருமூச்சு விடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பயிற்சியாளர் நீக்கப்படும் தருணம். யாரும் ஒரு பயிற்சியாளரைச் சராசரியான வாரத்தில் நீக்குவதில்லை. அணி தன் இயல்பான நிலைக்கும் கீழே, அடிமட்டத்துக்குச் சரிந்திருக்கும்போதுதான் நீக்குகிறார்கள். அந்த இடத்திலிருந்து யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே வருவதற்கே வாய்ப்பு அதிகம். காயம்பட்டவர்கள் திரும்புவார்கள், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள் உள்ளே போகும், கடினமான எதிரணிகளின் வரிசை முடிந்திருக்கும். ஏழு நாளில் தானாகத் தணியும் காய்ச்சலுக்கு ஆறாம் நாள் தாயத்துக் கட்டினால் புகழ் தாயத்துக்குத்தான் போகும்.

இதைச் சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளை எடுத்து ஒப்பிட வேண்டும். நெதர்லாந்தின் முதல் நிலைக் கால்பந்து லீக் இதற்கு ஒரு ஆய்வுக்கூடமாகவே ஆகிவிட்டது. பாஸ் டெர் வேல் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை ஆராய்ந்தார். நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காத அணிகளும் மீண்டன. நீக்கியதால் கூடுதலாக ஒரு பலனும் தெரியவில்லை. பின்னர் யான் வான் அவர்ஸ், மார்ட்டின் வான் டுயில் இருவரும் அதே லீகின் 14 சீசன்களை எடுத்தார்கள். பந்தயச் சந்தை எதிர்பார்த்த புள்ளிகளுக்கும் அணி உண்மையில் எடுத்த புள்ளிகளுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை அவர்கள் அளந்தார்கள். அதே ஆழப் பள்ளம் விழுந்தும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட வேளைகளோடு ஒப்பிட்டார்கள். முடிவு மாறவில்லை: மீட்சி உண்மை, ஆனால் அது நீக்கியதால் வந்ததல்ல. இத்தாலியின் சீரி ஆ லீகை ஆராய்ந்த மரியா டி பாவ்லா, வின்சென்சோ ஸ்கோப்பா ஆகியோருக்கும் ஏறக்குறைய இதே விடை கிடைத்தது.

இங்கிலாந்துத் தரவுகளை வைத்து ஔடாஸ், டாப்சன், கோடார்ட் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சீசன் நடுவில் மாற்றிய அணிகள், மாற்றாதவற்றைவிடச் சராசரியாகச் சற்று மோசமாகவே ஆடின. கூடவே முடிவுகளின் ஏற்ற இறக்கமும் கூடியது. இந்த இரண்டாவது செய்தியை எளிதில் தாண்டிப் போகக் கூடாது. கீழ் லீகுக்கு இறக்கப்படுவது ஏறக்குறைய உறுதியாகிவிட்ட கிளப்புக்குச் சராசரி முக்கியமல்ல. ஏதாவது ஒரு திடீர்த் திருப்பம் வேண்டும். அப்படிப்பட்ட கிளப் நடுவழியில் ஆளை மாற்றுவது முட்டாள்தனமல்ல, கணக்கறிந்து ஆடும் சூதாட்டம். பட்டியலின் நடுவில் பத்திரமாக இருக்கும் கிளப் அதையே செய்தால்தான் அது வெறும் சூதாட்டம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்து பற்றி ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இந்த வேறுபாட்டைத் தொடுகிறது. 1997 முதல் 2010 வரையிலான தரவுகளில், மிக மோசமாக ஆடிய அணிகளுக்குப் பயிற்சியாளர் மாற்றத்தால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. நடுத்தர அணிகளோ மாற்றியபின் அடுத்த சில ஆண்டுகளில், மாற்றாத ஒத்த அணிகளைவிடப் பின்தங்கின. சுமாராக இருக்கிறோமே என்ற எரிச்சலில் செய்யும் மாற்றமே அதிகம் கெடுக்கிறது.

அப்படியென்றால் கிளப்புகள் ஏன் நீக்கிக்கொண்டே இருக்கின்றன? இதற்கு 1964இலேயே ஒரு விடை தரப்பட்டது. அமெரிக்க பேஸ்பால் அணிகளில் மேலாளர்கள் மாறுவதை ஆராய்ந்த ஆஸ்கர் கிரஸ்கி, அடிக்கடி ஆளை மாற்றும் அணிகள் மோசமாக ஆடுவதைக் கண்டு, மாற்றமே குழப்பத்தை உண்டாக்குகிறது என்று முந்தைய ஆண்டு எழுதியிருந்தார். வில்லியம் கேம்சன், நார்மன் ஸ்காட்ச் இருவரும் அதை மறுத்தார்கள். ஆட்டக்காரர்களின் தரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது, மேலாளர் யார் என்பதல்ல; அவரை நீக்குவது ரசிகர்களின் கோபத்தைத் தணிக்கும் பலிச் சடங்கு என்றார்கள். முழு அணியையும் நடு சீசனில் விற்க முடியாது. முதலாளி தன்னைத் தானே நீக்கிக்கொள்ளவும் மாட்டார். எஞ்சுவது ஒரே ஒரு கழுத்து.

ஆட்டக்காரர்களின் தரமே பெரிது என்பதற்குப் பின்னாளில் வலுவான ஆதரவு கிடைத்தது. சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் எழுதிய சாக்கர்நாமிக்ஸ் நூல், இங்கிலாந்தின் முதல் இரண்டு நிலை லீகுகளை ஆராய்ந்து, பத்தாண்டுச் சராசரியில் கிளப்புகளின் இட வேறுபாட்டில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சம்பளச் செலவே விளக்கிவிடுகிறது என்று காட்டியது. மிச்சமிருக்கும் சிறு பங்குக்குள்தான் பயிற்சியாளரின் திறமை, தலைவிதி, காயம், நடுவரின் விசில் எல்லாம் அடக்கம்.

நீக்கியும் வென்றவர்கள்

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் செல்சியைக் காட்டுவார். நியாயமான கேள்விதான். ரோமன் அப்ரமோவிச் உரிமையாளராக இருந்த 2003 முதல் 2022 வரை அங்கே பயிற்சியாளர் நாற்காலி ஆறவே இல்லை. அந்தக் காலத்தில் ஐந்து லீக் பட்டங்களும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களும் வந்தன. அவற்றிலும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களும் சீசன் நடுவில் ஆளை மாற்றிய ஆண்டுகளில் வந்தவை. 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸ் போய் டி மத்தேயோ வந்தார், மே மாதம் கோப்பை. 2021 ஜனவரியில் லாம்பார்டு போய் டூஹெல் வந்தார், மே மாதம் கோப்பை. ரியல் மாட்ரிட்டும் 2016 ஜனவரியில் பெனிட்டெஸை அனுப்பிவிட்டு ஜிதானை அமர்த்தி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சாம்பியன்ஸ் லீகை வென்றது.

இந்த இரண்டு கிளப்புகளுக்கும் பொதுவானது என்ன? உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தன. யார் வந்தாலும் ஆடக்கூடிய அணி அது. மேலும், நீக்கும்போதே உயர்தரமான மாற்று ஆளைக் கூப்பிட அவர்களால் முடிந்தது. செல்சியின் உரிமை கைமாறியபின் அதே கத்தி வீசப்பட்டது. 2022 செப்டம்பரில் டூஹெல் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த கிரஹாம் பாட்டர் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டார். இடைக்காலத்துக்கு லாம்பார்டு திரும்பினார். அந்த சீசனில் செல்சி பிடித்தது பன்னிரண்டாம் இடம். வழிமுறை அதேதான், அதைத் தாங்கி நின்ற அணி அமைப்புதான் இல்லை.

ஆக, பொறுமையா மாற்றமா என்று பொதுவில் கேட்பதே தவறான இடத்தில் தொடங்குவதாகும். அணி ஏன் தோற்கிறது என்று கேட்க வேண்டும்.

ஸ்கோரும் ஆட்டமும்

கால்பந்தில் கோல்கள் குறைவு. ஓர் ஆட்டத்தில் இரண்டோ மூன்றோ விழும். இவ்வளவு அரிதான ஒன்று முடிவைத் தீர்மானிக்கும்போது, நன்றாக ஆடிய அணி தோற்பது விபத்தல்ல, அன்றாடம் நடப்பது. அதனால்தான் ஆய்வாளர்கள் ஸ்கோரைத் தள்ளி வைத்து, வாய்ப்புகளின் தரத்தை அளக்கத் தொடங்கினார்கள். எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா அடிக்கப்பட்டது என்பதை வைத்து ஒவ்வொரு ஷாட்டும் கோலாவதற்கான சாத்தியத்தைக் கணக்கிட்டுக் கூட்டுவது இந்த முறை. எக்ஸ்பெக்டட் கோல்ஸ், சுருக்கமாக எக்ஸ்ஜி என்பார்கள். வாய்ப்புகளை உருவாக்கியும் கோல் விழாத அணிக்கும், வாய்ப்பே உருவாக்கத் தெரியாத அணிக்கும் புள்ளிப் பட்டியலில் ஒரே இடம் இருக்கலாம். எக்ஸ்ஜி கணக்கில் இரண்டும் வேறு வேறு.

ஜூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபயேல் ஃப்ளெப், ஏகான் ஃப்ராங்க் ஆகியோர் இந்த அளவுகோலைப் பயிற்சியாளர் நீக்கங்கள்மீது வைத்துப் பார்த்தார்கள். நீக்கங்களை இரு வகையாகப் பிரித்தார்கள். ஆட்டமே மோசமாக இருந்ததால் வந்த தோல்விகளுக்குப் பின் நடந்தவை ஒரு வகை. ஆட்டம் சரியாக இருந்தும் அதிர்ஷ்டம் கைவிட்டபின் நடந்தவை மற்றொரு வகை. முதல் வகை நீக்கங்களுக்குப் பின் அணிகள் உண்மையிலேயே மேம்பட்டன. இரண்டாம் வகையில் அந்தப் பலன் இல்லை. எல்லா நீக்கங்களையும் ஒரே குவியலாக்கிச் சராசரி எடுத்தபோது காணாமல் போன விளைவு, பிரித்துப் பார்த்ததும் வெளியே வந்தது. முந்தைய ஆய்வுகள் பொய்யாகிவிடவில்லை. நீக்குவது வீண் என்று அவை சொன்னதன் உட்பொருள் விளங்கியது: நிர்வாகங்கள் தவறான ஆட்களையும் சேர்த்தே நீக்குகின்றன.

யூர்கன் க்ளாப்பின் கதை இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. பொருசியா டார்ட்மண்டுக்கு 2011, 2012 ஆண்டுகளில் ஜெர்மன் லீக் பட்டம் வாங்கித் தந்து, 2013இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை கொண்டுபோனவர் அவர். 2014-15 சீசனில் அதே அணி, பிப்ரவரித் தொடக்கத்தில், 18 அணிகளில் 18ஆம் இடத்தில் கிடந்தது. கிளப் அவரை நீக்கவில்லை. அணி ஏழாம் இடம் வரை ஏறி வந்தது. ஏப்ரலிலேயே தான் விலகுவதாக அவர் அறிவித்துவிட்டார். லிவர்பூல் கிளப்பின் ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரஹாம், கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அந்த சீசனின் தரவுகளைக் கிளறினார். டார்ட்மண்டின் ஆட்டம் அவ்வளவாகக் கெட்டுவிடவில்லை, பெரும்பகுதி துரதிருஷ்டம் என்று அவருக்குப் புலப்பட்டது. 2015 அக்டோபரில் லிவர்பூல் க்ளாப்பை அமர்த்தியது. 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பதாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து லீக் பட்டம். பட்டியலின் கடைசி இடத்தைப் பார்த்து அவரை எடைபோட்டிருந்தால் லிவர்பூல் வேறு யாரையாவது தேடியிருக்கும்.

நமக்கு நெருக்கமான இடத்திலும் இதைப் பார்க்கலாம். ஸ்டீபன் ஃப்ளெமிங் 2009 முதல் சென்னை சூப்பர் கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளர். 2020 முதல் 2025 வரை அந்த அணி பிடித்த இடங்களை வரிசையாகச் சொன்னால்: எட்டு அணிகளில் ஏழாவது, சாம்பியன், பத்தில் ஒன்பதாவது, சாம்பியன், ஐந்தாவது, பத்தாவது. பயிற்சியாளர் ஒருவரே. ஓர் ஆண்டு அவர் மேதை, மறு ஆண்டு மந்தம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 14 லீக் ஆட்டங்கள் கொண்ட ஒரு சீசன், பயிற்சியாளரின் தகுதியை எடைபோட எவ்வளவு குறுகிய துலாக்கோல் என்பதைத்தான் இந்த வரிசை காட்டுகிறது. 2020க்குப் பிறகோ 2022க்குப் பிறகோ அவரை அனுப்பியிருந்தால் அடுத்த ஆண்டுக் கோப்பையின் புகழ் புதியவருக்குப் போயிருக்கும். நீக்கியது சரி என்று ஊரே சாட்சி சொல்லியிருக்கும். எதிர்ப்பக்க உதாரணமும் அதே லீகில் உண்டு. பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்த பஞ்சாப் கிங்ஸ், ரிக்கி பான்டிங் வந்த முதல் ஆண்டான 2025இல் இறுதி ஆட்டம் வரை போனது. ஆனால் பெரிய ஏலம் நடந்து, ஷ்ரேயாஸ் ஐயர் தலைமையில் அணியே புதிதாக அமைந்த ஆண்டு அது. எது யாரால் என்று பிரிப்பது எளிதல்ல.

பொறுமைக்கு ஆகும் செலவு

பொறுமையின் விலை எல்லா விளையாட்டிலும் ஒன்றல்ல. இதை மறந்துவிட்டு அமெரிக்க உதாரணத்தை இங்கிலாந்துக்கும், இங்கிலாந்து உதாரணத்தை அமெரிக்காவுக்கும் ஏற்றிப் பேசுவது வழக்கமான பிழை.

அமெரிக்க லீகுகளில் கடைசி இடம் பிடித்தாலும் கீழ் லீகுக்கு இறக்க மாட்டார்கள். மேலும், தோற்ற அணிக்கே டிராஃப்ட் முறையில் புதிய திறமைசாலிகளை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். டல்லஸ் கவ்பாய்ஸ் 1960இல் தொடங்கப்பட்டபோது அந்த ஆண்டு டிராஃப்ட்டில் கலந்துகொள்ளக்கூட நேரம் இருக்கவில்லை. டாம் லாண்ட்ரியின் கீழ் முதல் சீசனில் ஒரு வெற்றியும் இல்லை: 11 தோல்வி, ஒரு சமன். ஒரு நல்ல சீசன்கூடக் காணாத நிலையில், 1964இல் உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன் அவருக்குப் பத்தாண்டு நீட்டிப்புத் தந்தார். 1966 முதல் 1985 வரை இருபது சீசன்கள் தொடர்ந்து தோல்வியைவிட வெற்றி அதிகம். இரண்டு சூப்பர் பவுல். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சக் நோல் 1969இல் ஒரு வெற்றி, 13 தோல்வியோடு தொடங்கினார். டிராஃப்ட்டில் ஜோ கிரீன், டெர்ரி பிராட்ஷா என்று ஆண்டுதோறும் ஆள் சேர்த்து, எழுபதுகளில் நான்கு சூப்பர் பவுல் வென்றார். கூடைப்பந்தில் கிரெக் பாபவிச், 1996 டிசம்பரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சியாளராகித் தானே எஞ்சிய ஆட்டங்களில் 17 வென்று 47 தோற்றார். அந்தத் தோல்வியின் பரிசாக டிராஃப்ட்டில் முதலிடம் கிடைத்தது. டிம் டங்கன் வந்தார். பின்னால் ஐந்து பட்டங்கள்.

இவை பொறுமையின் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோற்பதற்குப் பரிசு தரும் ஏற்பாட்டுக்குள் காட்டிய பொறுமை அது. ஐரோப்பியக் கால்பந்தில் தோற்பவர் கீழே இறக்கப்படுவார்; தொலைக்காட்சி வருமானம் பெருமளவு போய்விடும். அங்கேயும் பொறுத்தவர்கள் உண்டு. பர்ன்லி கிளப் 2015இல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. மேலாளர் ஷான் டைச்சை வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கீழ் லீகின் சாம்பியனாகத் திரும்பியது, 2017-18இல் ஏழாம் இடம் பிடித்தது. 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டங்களே மிச்சமிருக்கும்போது, அதே டைச்சை நீக்கியது. அப்படியும் இறங்கியது.

சவுத்தாம்ப்டன் இதைவிடக் கூர்மையான பாடம். 2019 அக்டோபரில் சொந்த மைதானத்தில் லெஸ்டர் சிட்டியிடம் 9-0 என்று தோற்றது. இங்கிலாந்தின் முதல் நிலை லீக் வரலாற்றிலேயே சொந்த மண்ணில் கிடைத்த மிகப் பெரிய தோல்வி. ரால்ஃப் ஹாசன்ஹூட்டலை அன்றே அனுப்பியிருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அனுப்பவில்லை. 52 புள்ளிகளோடு பதினோராம் இடத்தில் சீசன் முடிந்தது. மூன்றாண்டு கழித்து 2022 நவம்பரில் அவரை நீக்கினார்கள். பின்னால் வந்த நேதன் ஜோன்ஸ் மூன்று மாதத்தில் போனார், அடுத்து வந்தவரும் மீட்கவில்லை. கடைசி இடத்தோடு கீழே இறங்கினார்கள். இதை வைத்து ஹாசன்ஹூட்டல் இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அவரைவிட மேலான ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நீக்கினார்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அரைப் பொறுமை

பொறுமைக்கும் அவசரத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அதிகம் நட்டம் தருவது அதுதான். ஃபெர்குசனின் அதே கிளப் அதற்கு உதாரணமாகிப் போனது. 2024 கோடையில் யுனைடெட் நிர்வாகம் எரிக் டென் ஹாக்கை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் ஊரறியத் தயங்கியது. எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்ததால் வைத்துக்கொள்வதென்று முடிவாகி, ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. அயாக்ஸ் கிளப்பில் அவருக்குக் கீழ் ஆடியிருந்த டெ லிக்ட், மஸ்ராவி போன்றவர்கள் வாங்கப்பட்டார்கள். ஒன்பது லீக் ஆட்டங்கள் முடிந்து அணி பதினான்காம் இடத்தில் இருந்தபோது, அக்டோபர் 28 அன்று அவரை நீக்கினார்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் கணக்குத் தீர்க்கவே ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. முற்றிலும் வேறான ஆட்டமுறை கொண்ட ரூபன் அமோரிம் சீசன் நடுவில் வந்தார். முந்தையவருக்காகச் சேர்த்த அணியை வைத்துக்கொண்டு அவர் திணறினார். 42 புள்ளிகளோடு பதினைந்தாம் இடம்.

ஜூன் மாதத்தில் நீக்கியிருந்தால் புதியவருக்குக் கோடைப் பயிற்சிக் காலமும் தன் விருப்பப்படி ஆள் வாங்கும் வாய்ப்பும் கிடைத்திருக்கும். நம்பி வைத்திருந்தால் வாங்கியவர்களுக்குப் பழக நேரம் கிடைத்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. இரண்டுக்குமான பணம் மட்டும் செலவானது. கூடைப்பந்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் மான்டி வில்லியம்ஸுக்கு 2023இல் ஆறாண்டு ஒப்பந்தம் தந்து, தொடர்ச்சியாக 28 தோல்விகள் கண்ட ஒரே சீசனுக்குப் பின் அனுப்பிவிட்டது. அங்கே அடுத்த பயிற்சியாளரின் கீழ் வெற்றிகள் 14இலிருந்து 44ஆக உயர்ந்தன. நீக்கியது சரி என்றே ஆயிற்று. தவறு நீக்கியதில் இல்லை, ஆறாண்டுக்குக் கையெழுத்திட்டதில் இருந்தது. நீண்ட ஒப்பந்தம் பொறுமையின் அடையாளம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது நீக்கும்போது கட்ட வேண்டிய அபராதத்தை உயர்த்தும் கையெழுத்து மட்டுமே.

எதைப் பார்த்துப் பொறுப்பது?

இப்போது ஃபெர்குசனிடம் திரும்பினால், அவர்மீது யுனைடெட் வைத்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கை அல்ல என்பது தெரியும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற சிறிய கிளப்பை வைத்துக்கொண்டு மூன்று லீக் பட்டங்கள் வென்றவர். 1983இல் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் எடுத்தவர். வந்ததும் திறமை தேடும் ஆட்களைப் பெருக்கினார், இளையோர் பிரிவைத் திருத்தி அமைத்தார். ரயன் கிக்ஸ் போன்ற சிறுவர்கள் கிளப்புக்குள் வந்துகொண்டிருந்தார்கள். ஃபாரஸ்டிடம் தோற்றிருந்தாலும் அவரை நீக்கியிருக்க மாட்டோம் என்று அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லீக் பட்டியலில் தெரியாத வேலை நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

ஆர்சனலில் மிகெல் ஆர்ட்டேட்டா விஷயத்திலும் அப்படித்தான். 2020 டிசம்பரில் அணி பதினைந்தாம் இடத்தில் இருந்தது. அடுத்த சீசனின் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுக் கடைசி இடத்தில் நின்றது. ஆனால் அந்த நேரத்தில் சம்பளம் மிகுந்த மூத்தவர்கள் வெளியேற்றப்பட்டு, புகாயோ சாக்கா போன்ற இளைஞர்களைச் சுற்றி அணி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2022-23 முதல் மூன்று சீசன்கள் தொடர்ந்து இரண்டாம் இடம். அந்த மூன்றிலும் லீக் பட்டம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுமை அணியை உயர்த்தும், கோப்பைக்கு அது உத்தரவாதமல்ல.

ஆகவே ஒரு நிர்வாகம் கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. தோற்பது ஆட்டத்தாலா, அதிர்ஷ்டத்தாலா? பட்டியலில் இன்னும் தெரியாத ஏதாவது வேலை உண்மையிலேயே நடக்கிறதா? இந்தப் பயிற்சியாளர் இதற்கு முன் வேறெங்காவது இப்படி ஓர் அணியைக் கட்டிக் காட்டியிருக்கிறாரா? நீக்கினால் அமர்த்துவதற்கு இவரைவிட மேலான ஆள், பெயர் சொல்லும்படி, தயாராக இருக்கிறாரா? முதல் மூன்றில் இரண்டுக்காவது சாதகமான விடை இருந்தால் காத்திருப்பது நல்ல பந்தயம். மூன்றும் பாதகம் என்றால் ஃபிஷருக்குத் தந்ததுபோல ஐந்தாண்டு தர வேண்டியதில்லை. ஒரு சீசனே அதிகம். நான்காவது கேள்விக்கு விடை இல்லாதபோது நடு சீசனில் நீக்குவது, இறங்கும் விளிம்பில் நிற்கும் கிளப்பைத் தவிர வேறு யாருக்கும் பயன் தராது.

இந்த விடைகளை சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் குறைவு. ஆறு தோல்விக்குப் பின் கூடிப் பேசும்போது எல்லா விடையும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். எதைப் பார்த்து நம்புகிறோம், எது தென்பட்டால் நம்பிக்கையை விடுவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாத கிளப், வைத்துக்கொண்டாலும் நீக்கினாலும் குருட்டாம்போக்கில்தான் செய்கிறது. ஆய்வுகள் இதுவரை காட்டியிருப்பதை வைத்துச் சொன்னால், எந்தக் காரணமும் கையில் இல்லாதபோது சீசன் முடியும்வரை பொறுப்பதே நட்டம் குறைந்த வழி. அதற்கு மேலும் பொறுக்க வேண்டுமென்றால், அதற்கான காரணத்தைக் களத்தில் காட்ட வேண்டியது பயிற்சியாளரின் பொறுப்பு.